ஒன்பது மணி நேரச் சாட்சியம்

ஓர் ஊரை அறிய எத்தனை நாள் அங்குத் தங்கியிருத்தல் வேண்டும்? சீனத்தைப் பற்றிய ஆவணப்படங்களை மதிப்பிடப் புகுவோர் முதற்கண் கேட்க வேண்டிய வினா இதுவே என நாம் கருதுகிறோம். 1972இல் சீன அரசின் அழைப்பை ஏற்றுச் சென்ற இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனி, சில வாரங்களே அங்கிருந்து, காட்டப்பட்டவற்றோடு காட்டப்படாத சிலவற்றையும் படமாக்கினார். 1974இல் ‘மக்கள் நாளிதழ்’ அவரைக் கடுமையாகச் சாடிற்று. அந்நாட்டில் அப்படம் பொதுத் திரையிடல் கண்டது 2004இல்தான். அவர் நேர்மையானவர், ஆயினும் விருந்தினர். விருந்தினர் கூடத்தைக் காண்பார், அடுக்களையைக் காணார்.

அடுக்களைக்குள் நுழைந்தவர் வாங் பிங். ஷென்யாங் நகரில் புகைப்படக்கலை பயின்ற இவர், 1999 முதல் 2001 வரை, சிறிய டிஜிட்டல் காமிரா ஒன்றுடன் அந்நகரின் தியேசி தொழிற்பகுதியில் உலவினார். ஜப்பானியர் ஆதிக்கக் காலத்தில் எழும்பி, பின்னர் அரசுடைமையாகிய ஆலைகள் அங்கு ஒவ்வொன்றாக நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் எடுத்த ‘தண்டவாளங்களுக்கு மேற்கே’ மூன்று பகுதிகள் கொண்டது. மொத்தம் 551 நிமிடங்கள் ஓடுவது.

ஒன்பது மணி நேரமா என மலைக்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். இப்படத்தில் விளக்கவுரை கூறும் குரல் கிடையாது. நெஞ்சை உருக்கப் பின்னணி இசையும் கிடையாது. உருக்காலைத் தொழிலாளர் ஓய்வறையில் சீட்டாடுகின்றனர், சச்சரவிடுகின்றனர், குளிக்கின்றனர், வராத சம்பளத்தைப் பற்றிப் பேசுகின்றனர். தம் குருதியில் ஈயம் கலந்திருப்பதை அறிந்தே உலையருகே நிற்கின்றனர். ஆலை மூடப்படும் செய்தியும் இப்பேச்சுக்களுக்கு நடுவேதான் வந்து விழுகிறது. வேலையிழந்தவனின் பிற்பகல் எத்துணை நீளமானது என்பதை இரண்டு மணி நேரப் படத்தால் உணர்த்த இயலாது.

குடியிருப்புகள் இடிக்கப்படுவதைக் கூறும் இரண்டாம் பகுதி, இளைஞர்களின் வீண் அரட்டையில் சற்றே தொய்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும், மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னும் வெளியேற மறுத்து வாழ்வோரைக் காணும்போது அத்தொய்வு மறந்துபோகிறது.

நம்மைப் பெரிதும் அலைக்கழித்தது மூன்றாம் பகுதியே. இருப்புப்பாதை ஓரத்தில் நிலக்கரி பொறுக்கி விற்றுப் பிழைக்கும் ஒரு தந்தையும் மகனும். தந்தை காவலில் வைக்கப்படுகிறார். தனித்திருக்கும் மகன் பிளாஸ்டிக் உறையிலிருந்து குடும்பப் புகைப்படங்களை எடுத்துப் பார்த்து அழுகிறான். காமிரா அணைக்கப்படவில்லை. அணைத்திருக்க வேண்டாவா?

அரபு மொழியில் ‘ஷாஹித்’ எனும் சொல் சாட்சியைக் குறிக்கும். உடனிருத்தல், கண்ணால் காணுதல் எனும் பொருள்களும் அதே வேர்ச்சொல்லிலிருந்தே பிறக்கின்றன. உடனிராதவன் சாட்சியாகான். மாதக்கணக்காக உடனிருந்தவர் என்பதால் வாங் பிங்குக்கு அங்கே நிற்கும் உரிமை இருந்தது என்பதே எம் முடிவு. ஆனால் அழுகின்ற பிள்ளையின் முகம் ஓர் அமானிதம். அதைத் திரையில் வைத்தவர், யார் காண வைத்தார் என்ற வினாவுக்கும் உரியவராகிறார். விடுதலையான தந்தை, குடித்துத் தள்ளாடும் மகனை முதுகில் சுமந்து இரவில் வீடு செல்லும் காட்சியையும் நாம் இவ்வினாவோடுதான் பார்க்க நேர்ந்தது.

இதற்கான விடை இயக்குநரின் கையில் மட்டும் இல்லை. இப்படம் ஐரோப்பிய விழாக்களில் போற்றப்பட்டது. சீனத் திரையரங்குகளுக்கு வரவேயில்லை. இத்தகைய படங்களுக்குப் புகலிடமாயிருந்த பெய்ஜிங் சுயேச்சைத் திரைப்பட விழாவும் 2014இல் தடுக்கப்பட்டது. அங்குச் சேமித்திருந்த படங்களும் கோப்புகளும் அதிகாரிகளால் எடுத்துச்செல்லப்பட்டன. தியேசியின் அவ்வாலைகளோ அதற்கு முன்பே தரைமட்டமாகிவிட்டன.