ஸ்கிரீனுக்குள் போன ஏசி, கண்ணில் அடிக்கும் கலர் லைட்

எம்.ஜி. சைபர்ஸ்டர் என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் கார் 2025 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அறிமுக ஷோரூம் விலை 74.99 லட்சம். 510 குதிரைத்திறன், 77 கிலோவாட்-மணி பேட்டரி, நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்ட 3.2 நொடி, மேல்நோக்கித் திறக்கும் கதவுகள், மடங்கும் துணிக் கூரை. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் இது வந்து நின்றால் கூட்டம் கூடிவிடும், சந்தேகமே இல்லை.

இந்தக் காரை நான் ஓட்டியதில்லை. அதன் வேகத்தைப் பற்றி எழுதப் போவதும் இல்லை. எனக்கு உறுத்துவது டாஷ்போர்டு. ஓட்டுநரின் முன்னால் மூன்று திரைகள்: நடுவில் 10.25 அங்குலம், இரண்டு பக்கமும் ஏழு ஏழு அங்குலம். அது போதாதென்று கீழே, கியர் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால், செங்குத்தாக இன்னொரு ஏழு அங்குலத் திரை. ஏசியை அந்தக் கீழ்த் திரையில்தான் தொட்டு மாற்ற வேண்டும். பக்கத் திரைகளை ஸ்டியரிங் வட்டமே மறைக்கிறது என்று ஓட்டிப் பார்த்தவர்கள் பலரும் எழுதிவிட்டார்கள்.

75 லட்ச ரூபாய் கார் நமக்கெதுக்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனா கார் உலகத்தில் மேலே பொழிகிற மழை கீழே வந்துதான் தேங்கும். பாட்டுக்கு ஏற்ப நிறம் மாறும் விளக்கை கியா செல்டோஸ் 2019-லேயே நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தது. 2023-ல் மாற்றி வந்த டாடா நெக்ஸானில் ஏசி பட்டன்கள் தொடுபலகை ஆகிவிட்டன. வாங்கின காரில் அது இல்லையென்றால் மதுரையில் எல்.இ.டி. பட்டை வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். ஆகவே இது நம்ம ஊர்ப் பிரச்சினையும்தான்.

இரண்டு கேள்விகள் வைத்துக்கொள்கிறேன். ஒன்று, இரவில் அந்த விளக்கு ஓட்டுகிறவரின் கண்ணுக்கு என்ன செய்கிறது? இரண்டு, ஏசியை மாற்ற அவர் எத்தனை நொடி சாலையைப் பார்க்காமல் இருக்க வேண்டும்? இதைச் சோதிக்கப் பெரிய பந்தயத் தடம் எதுவும் வேண்டாம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் இருக்கிற பத்துப் பதினோரு கிலோமீட்டர் போதும்.

முதலில் விளக்கு

மதுரை–கொல்லம் நெடுஞ்சாலை என்.எச். 744-இல் இரவு ஒன்பதரைக்கு மேல் ஓட்டியவர்களுக்குத் தெரியும். எதிரே கேரளாவிலிருந்து வரும் லாரி ஹை பீமை இறக்காது. அது கடந்த மறுநொடி எல்லாம் கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிற மில் தொழிலாளி இருப்பார், பின்பக்கம் ரிஃப்ளெக்டர்கூட இருக்காது. ஆடி அமாவாசை நேரத்தில் சதுரகிரிக்குப் போகிறவர்கள், ஆடிப்பூரத் தேருக்கு நடந்து வருகிறவர்கள், குறுக்கே ஓடும் நாய், மாடு எல்லாம் உண்டு.

கண்ணில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் உள்ளன. வெளிச்சத்தில் நிறம் காட்டுபவை கூம்புகள். மங்கலில் உருவம் காட்டுபவை தண்டுகள். பளிச்சென்ற வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் தண்டுகள் முழுதாகத் தயாராக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். இந்தத் தண்டுகள் மிகக் கூர்மையாக உணர்வது நீலப்பச்சை ஒளியை. ஆழ்ந்த சிவப்பை அவை ஏறத்தாழ கண்டுகொள்வதே இல்லை. பழைய விமான அறைகளிலும் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் சிவப்பு விளக்கு வைத்தது இதனால்தான். பி.எம்.டபிள்யூ. வெகுகாலம் ஆரஞ்சு நிற மீட்டர் விளக்கு வைத்திருந்ததும் அந்த வழிதான்.

சிவப்பு நல்லது, நீலம் கெட்டது என்று அத்தோடு முடித்துவிடவும் முடியாது. ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது நம் கண் முழு இருட்டில் இல்லை. கூம்பும் தண்டும் சேர்ந்து வேலை செய்கிற இடைநிலையில் இருக்கிறது. அங்கே நிறத்தைவிடப் பெரிய விஷயம் இரண்டு: விளக்கின் பிரகாசம், அது முன்கண்ணாடியில் பிரதிபலிக்கிறதா என்பது. கண்ணாடி மேல் ஒரு மெல்லிய ஊதாத் திரை விழுந்தால் அதற்குப் பின்னால் இருக்கிற சாம்பல் சட்டைக்காரர் இன்னும் மங்கிப் போவார். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கண்ணின் லென்ஸே ஒளியைச் சிதறடிக்கும், அவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு ஸ்வீடனின் சாப் கார்களில் 1990-களில் வந்த 'நைட் பேனல்'. ஒரு பட்டன்தான். அமுக்கினால் வேகமானி தவிர மற்ற மீட்டர் விளக்கெல்லாம் அணைந்துவிடும். ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் அந்த மீட்டர் தானாக எரியும். விமானம் செய்த கம்பெனியின் புத்தி. விளக்கை எப்போது அணைப்பது என்று யோசித்த வடிவமைப்பு அது. இன்றைக்கு விளம்பரத்தில் வருவது 64 நிறமா, 128 நிறமா என்ற கணக்கு. எவ்வளவு மங்கலாக்க முடியும் என்பதை ஒரு விளம்பரமும் சொல்வதில்லை.

உள்விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கதவுக் கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் தெரிகிற மாதிரி மெல்லிய வெளிச்சம் இருந்தால் நல்லதுதான். பக்கவாட்டில் வண்டி வருகிறது என்று கதவோரம் எரிந்து எச்சரித்தால் அது உருப்படியான வேலை. பாட்டுக்கு ஆடுவதுதான் வேண்டாத வேலை. ஓரக்கண்ணில் அசைகிற எதையும் பார்க்கச் சொல்லித்தான் மூளை பழகியிருக்கிறது. சாலையோரம் அசைகிற சைக்கிளைக் கண்டுபிடிப்பதும் அதே ஓரக்கண்தான்.

அடுத்து குளிர்

சித்திரை வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் காரை நிறுத்திவிட்டுப் பால்கோவா வாங்கப் போகிறீர்கள். 2005-ல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணிக்குள்ளேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே 38 என்றால் உள்ளே 60. அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது நான்கு கதவையும் திறந்து சூட்டை வெளியேற்றுவது, பிறகு விசிறி முழு வேகம், கொஞ்ச நேரம் கழித்து உள்காற்றுச் சுழற்சி. இரண்டு அசைவில் முடிய வேண்டிய வேலை.

திரையில் தெரியும் '22.0' என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது காரின் உள்ளே ஒரு மூலையில் இருக்கும் உணரி எட்ட வேண்டிய இலக்கு. உங்கள் தொடையில் நேராக அடிக்கிற வெயில் அதற்குத் தெரியாது. டாஷ்போர்டு மேல் ஒரு வெயில் உணரி வைத்து ஓரளவு ஈடுகட்டுகிறார்கள், அவ்வளவுதான். அரை டிகிரி துல்லியம் என்பது எண்ணில் மட்டும் இருக்கிற துல்லியம். துணிக் கூரையைத் திறந்துவிட்டால் குளிர்விக்க அறையே கிடையாது. தானியங்கி ஏசி வெறும் விசிறிதான். சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் சூரியன் முதுகுப் பக்கம். கூரை திறந்திருந்தால் வெயில் நேரே திரைமேல் விழும். எந்த எண்ணும் தெரியாது. திருகும் குமிழாக இருந்தால் பார்க்காமலே திருப்பியிருக்கலாம்.

குளிரை விடவும் முக்கியமானது கண்ணாடி மூடிக்கொள்வது. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி என் அத்தை மகன் புதுசா வாங்கின காரில் நாலு பேர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். கம்பெனி பேர் வேண்டாம். மழை வலுத்ததும் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து பத்து நொடியில் ஒன்றும் தெரியவில்லை. "மச்சான், அந்தக் கண்ணாடிப் படம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று திரையைத் தடவிக்கொண்டே கேட்கிறான். அந்நேரம் பார்த்துத் திரையில் போன் அழைப்பு வந்து ஏசி பக்கத்தை மூடிவிட்டது. "முதல்ல ஓரங்கட்டுப்பா" என்று நான் சத்தம் போட, ஓரத்தில் நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, சற்று முன்னால் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு பேர் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆவியிலும் இரண்டு வகை இருக்கிறது. உள்ளே படிந்தால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்றை எடுத்து, முன்கண்ணாடிமேல் அடிக்க வேண்டும். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். வெளியே படிந்தால் கதை தலைகீழ்: ஏசிக் காற்று கண்ணாடியைக் குளிரவைத்ததால் வெளியே இருக்கும் ஈரக்காற்று அதன்மேல் படிகிறது. வைப்பரைப் போட்டு, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் நிலைமை மோசமாகும். எந்த வகை என்று யோசிக்கவே ஒரு நொடி ஆகும். அதற்கு மேல் பட்டனைத் தேடும் வேலையும் சேர்ந்தால் எப்படி?

அளந்து பார்த்தவர்கள்

ஸ்வீடனின் 'வி பீலாகரே' பத்திரிகை 2022-ல் ஒரு சோதனை செய்தது. 11 புதிய கார்கள், கூடவே ஒரு 2005 மாடல் வோல்வோ வி70. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே நான்கு வேலை செய்ய வேண்டும். அதில் வெப்பநிலையைக் கூட்டிக் கண்ணாடி ஆவி நீக்கியைப் போடுவதும் உண்டு, மீட்டர் வெளிச்சத்தைக் குறைத்து நடுத்திரையை அணைப்பதும் உண்டு. நம் இரண்டு கேள்வியும் அதிலேயே அடங்கிவிட்டது. பட்டன் வைத்த பழைய வோல்வோவில் எல்லாம் முடிய 10 நொடி, 306 மீட்டர். கடைசியாக வந்தது எம்.ஜி. மார்வல் ஆர்: 44.9 நொடி, 1,372 மீட்டர். சைபர்ஸ்டரும் அதே எம்.ஜி. தான்.

நம்ம சாலையில் 60 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டாலும், 10 நொடிக்கு 167 மீட்டர், 44.9 நொடிக்கு ஏறக்குறைய 750 மீட்டர். முக்கால் கிலோமீட்டருக்குள் எத்தனை சைக்கிள், எத்தனை பிரிவுச் சாலை! அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை 2013-ல் தந்த வழிகாட்டி, ஒரு பார்வைக்கு 2 நொடி, ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடி என்று வரம்பு சொல்கிறது. 60-இல் 2 நொடி என்றாலே 33 மீட்டர்.

பின்னே கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? பத்துப் பதினைந்து பட்டனுக்கு அச்சு, வயர், சோதனை என்று செலவழிப்பதை விட ஒரு திரை மலிவு. மென்பொருளைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஷோரூமில் கார் நின்றபடிதான் விற்கிறது. நிற்கிற காரில் திரையும் கலர் லைட்டும் கண்ணைப் பறிக்கும். இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மிச்சத்துக்கான விலையைக் காருக்கு வெளியே நடப்பவரும் சேர்ந்து கொடுக்கிறார்.

காற்று மாறி அடிக்கிறது என்பது ஆறுதல். மாஸ்டா 2019 மாஸ்டா 3-இல் தொடுதிரையையே எடுத்துவிட்டுக் குமிழ் வைத்தது. ஃபோக்ஸ்வாகன் வடிவமைப்புத் தலைவர் ஆந்த்ரேயாஸ் மிண்ட் முக்கியமான வேலைகளுக்குப் பட்டன் திரும்பும் என்று 2025-ல் சொன்னார். ஃபெராரியும் அதே ஆண்டு அமால்ஃபியில் ஸ்டியரிங் தொடுபரப்பை எடுத்துவிட்டு நிஜப் பட்டன்களைத் திரும்ப வைத்தது. ஐரோப்பாவின் யூரோ என்கேப், 2026 முதல் முழு மதிப்பெண்ணுக்கு இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்கு நேரடிக் கட்டுப்பாடு கேட்கிறது. ஆனா அந்தப் பட்டியலில் ஆவி நீக்கி இல்லை. மழைக்கால ஊர்க்காரனாக எனக்கு அது பெரிய குறை. நம் பாரத் என்கேப் இதையெல்லாம் அப்படியே நகலெடுக்காமல் ஆவி நீக்கியையும் சேர்த்துக் கேட்டால் நமக்குப் பொருத்தமாக இருக்கும்.

நெக்ஸானுக்கு ஒரு பாதி சபாஷ். தொடுபலகைக்குப் போனாலும் விசிறிக்கும் வெப்பநிலைக்கும் தட்டுச் சுவிட்ச் வைத்தார்கள். பழைய மாருதி 800-இல் இருந்த தள்ளுகோல் நினைவிருக்கிறதா? அழகு ஒன்றும் கிடையாது. ஆனால் இடது கை போய்த் தானாக அதைப் பிடிக்கும். கண் சாலையிலேயே இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்பதே ஓட்டுவதற்காக வாங்குகிற கார். சாதாரணக் காரைவிட வேகமாகப் போகிற காரில், சாதாரணக் காரைவிட அதிக நேரம் கீழே குனிந்து பார்க்க வைப்பது வடிவமைப்பில் அடிப்படை முரண். சைபர்ஸ்டர் மேல் என் விமர்சனம் இது ஒன்றுதான்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை இரவில் கேளுங்கள். கிளம்பும் முன் நின்ற காரில் கண்ணை மூடிக்கொண்டு நாலு வேலை செய்து பாருங்கள்: விசிறியைக் கூட்டுவது, ஆவி நீக்கியைப் போடுவது, உள்காற்றை வெளிக்காற்றாக மாற்றுவது, டாஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைப்பது. இரண்டாவது மட்டும் கைக்குச் சிக்கவில்லை என்றாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள். கலர் லைட் 64 நிறமா என்று சேல்ஸ்மேன் சொல்ல ஆரம்பித்தால், "முழுசா அணைக்க எத்தனை தடவை தொடணும் தம்பி?" என்று கேளுங்கள்.