காத்து வைக்கத்தக்க பாயிண்ட் 22 ரைபிள்: மொரப்பூர்ச் சூழலில் ஒரு மதிப்பீடு

பாயிண்ட் 22 ரைபிள் என்பது ஏறத்தாழ 5.6 மி.மீ. குழல்விட்டம் கொண்ட சிறிய துப்பாக்கி ஆகும். இலக்குப் பயிற்சிக்காக உலகெங்கும் நூறாண்டுக்கும் மேலாகப் பயன்பட்டு வருகிறது. இவ்வகைப் பழைய துப்பாக்கிகளுள் எது காத்து வைக்கத்தக்கது என்ற கேள்விக்கு ஆங்கில நூல்களும் இதழ்களும் பல பட்டியல்களைத் தந்துள்ளன. அவை அமெரிக்க, ஐரோப்பியச் சேகரிப்பாளர்களை மனத்தில் கொண்டவை. தருமபுரி மாவட்டத்தில், சோலார்பேட்டை–சேலம் இரயில் பாதையில் உள்ள மொரப்பூர் போன்ற ஊரில் தாத்தாவின் துப்பாக்கியை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தப் பட்டியல்கள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பட்டியல்களின் அளவுகோல்

இத்தகைய பட்டியல்களில் சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். 1890-இல் வெளிவந்த வின்செஸ்டர் பம்ப் ரைபிள், 1920 முதல் 1980 வரை விற்பனையில் இருந்த வின்செஸ்டர் 52, ஜெர்மனியின் ஆன்சுட்ஸ், 1964-இல் அறிமுகமான ரூகர் 10/22 ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றின் வேலைப்பாடு சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டியல்கள் இவற்றை மதிப்பிடும் முறை பெரும்பாலும் மூன்று அளவுகோல்களுக்குள் அடங்கிவிடுகிறது: தயாரிப்பாளரின் பெயர், அரிய தன்மை, மறுவிற்பனை விலை.

இம்மூன்றும் திறந்த சந்தை இருக்கும் நாடுகளுக்கே பொருந்தும். இந்தியாவில் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980-களின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலும் நின்றுவிட்டது. புகழ்பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே இங்குள்ள ஒருவர் பட்டியலைப் பார்த்துத் துப்பாக்கி தேர்ந்தெடுப்பதில்லை. வீட்டில் இருப்பதை வைத்துக்கொள்வதா, விற்பதா, ஒப்படைப்பதா என்பதே அவர் முன் உள்ள தேர்வு. அரிய மாதிரி என்பது இங்கு பெருமையைவிடச் சிக்கலையே தரும். உதிரிபாகம் கிடைக்காது, பழுது பார்ப்பவரும் கிடைக்கமாட்டார்.

தோட்டாவே முதல் அளவுகோல்

பாயிண்ட் 22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை, கூட்டின் அடிவிளிம்புக்குள் வைக்கப்பட்டிருக்கும். அடிமுள் அந்த விளிம்பை நசுக்கும்போது தோட்டா வெடிக்கிறது. ஒருமுறை நசுங்கிய கூட்டை வீட்டிலோ பட்டறையிலோ மீண்டும் நிரப்புவது நடைமுறையில் இயலாது. ஆகவே இத்துப்பாக்கியின் ஆயுள், தோட்டா தயாரிக்கும் தொழிற்சாலையின் ஆயுளைச் சார்ந்தது.

இவ்வகையில் 1887-இல் அமெரிக்காவில் உருவான ‘லாங் ரைபிள்’ தோட்டா உறுதியானது. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டி இத்தோட்டாவைக் கொண்டே நடக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றதும் இதைக் கொண்டுதான். இந்தியாவில் அரசுத் தளவாடத் தொழிற்சாலைகளும் இதைத் தயாரித்து வந்துள்ளன.

எல்லாப் பழைய 22-களும் இத்தோட்டாவை ஏற்பதில்லை. வின்செஸ்டர் 1890 மாதிரி தொடக்கத்தில் வேறு நீளமுடைய தோட்டாக்களுக்காகவே செய்யப்பட்டது. லாங் ரைபிள் தோட்டாவுக்கான வடிவம் 1919-இல்தான் வந்தது. எனவே குழலின்மீது பொறித்துள்ள தோட்டாப் பெயரைப் படிக்காமல் ஒரு துப்பாக்கியை மதிப்பிடுவது பிழை. பட்டியலில் முதலிடம் பெறும் ஒரு துப்பாக்கி, இங்கு தோட்டா கிடைக்காததால் சுவரில் மாட்டும் பொருளாக மட்டுமே மிஞ்சலாம்.

மொரப்பூர்ச் சூழல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காடு சார்ந்த ஊர்களில் துப்பாக்கி என்றால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியே. உரிமமில்லாத அவற்றை ஒப்படைக்குமாறு காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதும், ஊர் மக்கள் அவற்றைக் கொண்டுவந்து தருவதும் இம்மாவட்டங்களில் நடந்துவருபவை. உரிமத்துடன் இருப்பவற்றுள் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி பரவலாக அறியப்பட்டது. பாயிண்ட் 22 ரைபிளை இப்பகுதி மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது, 1948-இல் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படையின் 25 கஜப் பயிற்சித் திடலில்தான் பெரும்பாலும் அமையும்.

முன்பு இவ்வகை ரைபிள் முயல், கௌதாரி வேட்டைக்கு உகந்தது என்று சொல்லி விற்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அந்தப் பயனுக்கு இடமில்லை. பயிரைக் காப்பதற்கும் இது உதவாது. காட்டுப்பன்றியை இச்சிறு குண்டு கொல்வதைவிடக் காயப்படுத்துவதற்கே வாய்ப்பு அதிகம். காயம்பட்ட பன்றி வயலில் உள்ளவர்களுக்கு ஆபத்து. மேலும் 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த நடைமுறையின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடுவது வனத்துறையினரின் பணி, உழவர்களுடையது அன்று. தவறிய குண்டு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. வீடுகள் நெருங்கிய ஊரில் தோப்பில் நின்று சுட்டுப் பழகலாம் என்ற எண்ணம் இதனால் ஏற்கத்தக்கதன்று.

ஆக, இன்று இத்துப்பாக்கிக்கு எஞ்சியுள்ள நேர்மையான பயன் இலக்குப் பயிற்சி ஒன்றே. எது காக்கத்தக்கது என்பதை அதைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

நான்கு துப்பாக்கிகள்

பி.எஸ்.ஏ. மார்ட்டினி: தென்னாப்பிரிக்கப் போர்க்காலத்தில் பிரிட்டனில் மக்களுக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுத்தரும் இயக்கம் எழுந்தது, சிறு ரைபிள் கழகங்களின் சங்கம் 1901-இல் அமைந்தது. அந்த அலையில் பர்மிங்காம் நிறுவனம் செய்த ரைபிள்களுள் புகழ்பெற்றது இது. கீழ்நெம்புகோலை இறக்கினால் பின்புறம் கீல் கொண்ட கட்டி தாழும். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட வேண்டும். மேகசின் இல்லை. வேகம் தேடுபவருக்கு இது குறை. பயிற்சிக்கு அதுவே நிறை. ஒரு குண்டு, ஒரு குறி, ஒரு பாடம். தொலைந்துபோக மேகசினும் இல்லை.

பிர்னோ 2: செக் நாட்டின் பிர்னோ நகரத் தயாரிப்பு, போல்ட் வகை, கழற்றக்கூடிய சிறு மேகசின் உடையது. வடிவில் பெரிய ரைபிளின் சுருக்கம். அதே மரபில் வந்த சி.இசட். 452 நீண்டகாலம் உற்பத்தியில் இருந்ததால், அரிய மாதிரிகளோடு ஒப்பிட இதன் உதிரிபாகங்களைத் தேடுவது எளிது. மேகசின் தொலைந்த பிர்னோவின் மதிப்பு பாதியாகக் குறைந்தது என்றே கொள்ளலாம்.

லீ-என்ஃபீல்டு பயிற்சி ரைபிள்: .303 போர்த் துப்பாக்கியின் உடலில் 22 குழல் பொருத்திய வகை. ஏறத்தாழ 4 கிலோ எடை. தேசிய மாணவர் படையில் தலைமுறைகள் பழகியது. வரலாற்று மதிப்பில் நம் நாட்டுக்கு மிக நெருக்கமானது இதுவே. வெளிநாட்டுப் பட்டியல்கள் இதை ஓரத்தில் வைப்பது நியாயமன்று. ஆனால் இவை பெரும்பாலும் அரசின் உடைமை. தனியாரிடம் ஒன்று இருந்தால், அது எவ்வழியே வந்தது என்பதற்கான ஆவணம் துப்பாக்கியைவிட முக்கியம்.

இந்தியத் தளவாடத் தொழிற்சாலையின் 22 ஸ்போர்ட்டிங் ரைபிள்: பழைய ஐரோப்பியத் துப்பாக்கிகளின் மெருகு இதில் இல்லை என்ற குறை உண்மையே. மரவேலை எளியது. ஆயினும் உள்நாட்டில் செய்யப்பட்டது; ஆவணச் சிக்கல் குறைவு. ‘தலைசிறந்தது’ என்ற சொல் இதற்குப் பொருந்தாது. ‘பயன்படுவது’ என்ற சொல் பொருந்தும்.

பழையதைச் சோதிக்கும் முறை

பெயரைவிட நிலை முக்கியம். உரிமம் பெற்ற வணிகர் அல்லது பழுதுபார்ப்பவர் முன்னிலையில், தோட்டா இல்லை என்பதை உறுதி செய்த பிறகே எதையும் பார்க்க வேண்டும்.

முதலில் குழலின் உட்புறம். பழைய தோட்டாக்களின் பற்றவைப்புக் கலவை துருவேற்றும் உப்பை விட்டுச்சென்றது. துருவேற்றாத கலவை 1920-களின் பிற்பகுதியில்தான் பரவியது. எனவே வெளியே பளபளக்கும் ரைபிளின் உள்ளே அம்மைத் தழும்பு போன்ற குழிகள் இருக்கலாம். அடுத்தது குழல்வாய், துடைப்புக்கோலை வாய்வழியே செலுத்திச் செலுத்தி அதன் விளிம்பு தேய்ந்திருந்தால் குறி தவறும். மூன்றாவது தோட்டா அமரும் அறையின் விளிம்பு. தோட்டா இல்லாமல் விசையை அழுத்தி விளையாடியிருந்தால், அடிமுள் பட்டு அங்கே பள்ளம் விழுந்திருக்கும். நான்காவது, காலிக் கூட்டை இழுக்கும் கொக்கி. இறுதியாக, உடலில் பொறித்த எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் அழிந்த துப்பாக்கியையும், குழல் குறைக்கப்பட்ட துப்பாக்கியையும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடக்கூடாது. அவை ஆயுதச் சட்டப்படி குற்றத்துக்குரியவை.

பட்டியல்கள் பேசாத இன்னொன்று உண்டு. இங்கு தேர்தல் காலங்களில் உரிமத் துப்பாக்கிகள் பல காவல் நிலையத்திலோ வணிகரிடமோ வாரக்கணக்கில் ஒப்படைக்கப்படுகின்றன. கனிம எண்ணெய் பூசாமல் கொடுத்தால் திரும்பி வரும்போது துரு ஏறியிருக்கும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகும். ஒப்படைக்கும் முன் எண்ணெயிட்டு, நிலையைக் குறித்துவைத்து, இரசீது பெறும் பழக்கம், விலையுயர்ந்த மாதிரியைவிட ஒரு ரைபிளை நீண்ட நாள் காக்கும்.

இரண்டு என்னும் வரம்பு

2019-ஆம் ஆண்டின் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மிகுதியை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றது. பரம்பரையாக வரும் துப்பாக்கிக்கும் அதே வரம்பை விதித்தது. 2016-ஆம் ஆண்டின் விதிகள், உரிமதாரர் இறந்த பின்னோ, அவர் 70 வயதை எட்டிய பின்னோ, 25 ஆண்டுகள் வைத்திருந்த பின்னோ வாரிசுக்கு உரிமம் வழங்க வழிசெய்கின்றன. ஆனால் வாரிசிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் அந்த வழி அடைபடுகிறது.

இந்த இடத்தில் 22 ரைபிளுக்குச் சட்டம் ஒரு தனி இடம் தந்திருப்பது பலரும் கவனிக்காதது. மைய அரசின் உரிமமோ ஏற்போ பெற்ற ரைபிள் கழகத்தின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காகப் பயன்படுத்தும் பாயிண்ட் 22 ரைபிளுக்கும் காற்றுத் துப்பாக்கிக்கும் இந்த எண்ணிக்கை வரம்பு பொருந்தாது என்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 3-ஆம் பிரிவில் கூறுகிறது. கழகத்தில் உறுப்பினராக உள்ளவர் அதைக் காக்கலாம். கழகம் எட்டாத தொலைவில் இருப்பவர், 12 போரையும் கைத்துப்பாக்கியையும் வைத்துக்கொண்டு 22-ஐக் கைவிடும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். தற்காப்புக்கு உதவாது என்பதால் முதலில் கைவிடப்படுவது அதுவாகவே இருக்கும்.

பழமைப் பொருள் என்ற விலக்கும் இதற்கு உதவாது. பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருள்களுக்கே அவ்விலக்கு. நூறு வயதான மார்ட்டினிகூட இன்று கடையில் கிடைக்கும் தோட்டாவைச் சுடும் என்பதால், சட்டத்தின் பார்வையில் அது புதிய துப்பாக்கிக்கு ஒப்பானதே.

முடிவான மதிப்பீடு

மேற்கண்ட அளவுகோல்களின்படி, மொரப்பூர்ச் சூழலில் முதலிடம் நல்ல குழலுடைய பி.எஸ்.ஏ. மார்ட்டினிக்கும், மேகசின் உள்ள பிர்னோ 2-க்கும் உரியது. லாங் ரைபிள் தோட்டா, எளிய பொறியமைப்பு, பயிற்சிக்கேற்ற இயல்பு ஆகிய மூன்றும் இவற்றில் சேர்ந்துள்ளன. உழைப்புக்கு இந்தியத் தயாரிப்பு போதுமானது. வின்செஸ்டர் 52-உம் ஆன்சுட்ஸும் வேலைப்பாட்டில் உயர்ந்தவை என்றாலும், போட்டிக்குச் செல்லாத வீட்டில் அவை வீணே.

ஆனால் துப்பாக்கியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பயனில்லை. குறைந்த வசதி உள்ள மாவட்டங்களில் ஏற்கப்பட்ட ரைபிள் கழகமும் பாதுகாப்பான சுடுதிடலும் இல்லாவிட்டால், சட்டம் தந்த விலக்கு நகரத்தாருக்கு மட்டுமே உரியதாகிவிடும். மாணவர் படையில் 25 கஜத்தில் குறி தவறாமல் சுட்ட தருமபுரி மாணவருக்கு அடுத்த படியும் இல்லாமல் போகும். ஏற்கப்பட்ட கழகத்தில் உறுப்பினராகி, ஆண்டுக்குச் சில முறையேனும் திடலுக்குக் கொண்டு செல்ல இயன்றவர் அந்த ரைபிளை வைத்துக்கொள்ளலாம். அது இயலாதவர், முறையான மாற்று உரிமத்தின் வழியே சுடுபவர் ஒருவரின் கைக்கு அதை அனுப்புவதே நல்லது. பூட்டிய பெட்டிக்குள் துருவேறும் மார்ட்டினியைவிட, இளையவர் ஒருவர் தோளில் பழகும் சாதாரண ரைபிளே காக்கப்பட்ட துப்பாக்கி ஆகும்.