சத்கதி: கயிறும் மறுப்பும்

எங்க ஊரில் அப்போது டிவி இருந்த வீடுகள் ரெண்டோ மூணோ. ஒரு மதியம் தூர்தர்ஷன் மறு ஒளிபரப்பில் 'சத்கதி' போட்டார்கள். வீட்டுக்காரர்கள் கூடத்தில், சேரிப் பிள்ளைகளான நாங்கள் வாசலுக்கு வெளியே, மண்ணில். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஓம் பூரியின் வியர்த்த முதுகு, கோடாலிக்கு மசியாத மரக்கட்டை, பிணத்தின் காலில் விழுந்த சுருக்குக் கயிறு - இந்த மூன்றும் மனசில் தங்கிவிட்டன. படம் முடிந்ததும் கூடத்திலிருந்து ஒரு குரல்: "வடக்க எப்படியெல்லாம் அநியாயம் பண்றானுங்க பாரு." நாங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனோம்.

பிரேம்சந்தின் சிறுகதையை வைத்து, தூர்தர்ஷனுக்காகவே 1981இல் சத்யஜித் ரே எடுத்த படம். சுமார் 50 நிமிடம். மகளின் நிச்சயத்துக்கு நாள் குறிக்கக் கேட்டுப் புரோகிதர் வீட்டுக்குப் போகிறார், சமார் சாதியைச் சேர்ந்த துக்கி. கூலியில்லாமல் விறகு பிளக்க வைக்கிறார்கள். பட்டினியோடு அங்கேயே செத்துப் போகிறார்.

வளர்ந்து, மொழியும் ஓரளவு புரிந்து, மறுபடி பார்த்தபோதுதான் என் ஞாபகத்தில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. சாவுக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒன்று நடக்கிறது. கோண்டு இனத்துக்காரர் ஒருவர் சமார்களிடம் போய், பிணத்தைத் தொடாதீங்க, போலீஸ் விசாரணை வரும் என்கிறார். யாரும் பிணத்தை எடுக்க வருவதில்லை. கிணற்றுக்குப் போகிற வழியில் பிணம் கிடக்கிறது. அதனால்தான் புரோகிதர் தன் கையாலேயே கயிறு போட்டு இழுக்க வேண்டியதாகிறது. தீண்டாமையின் உச்சம் என்று நான் சுமந்துவந்த அந்தக் காட்சி, ஒரு மறுப்பு உண்டாக்கிய நெருக்கடி.

இது ஏன் மறந்துபோனது? வராமல் இருப்பதற்குப் பிம்பம் கிடையாது. கயிற்றைக் காட்டலாம், எடுக்க வராத கைகளை எப்படிக் காட்டுவது? மொழி தெரியாத பிள்ளைக்குப் பிம்பம் மட்டும்தான் மிஞ்சும். ஆனால் மொழி தெரிந்தவர்கள் எழுதும் கதைச்சுருக்கங்களும் இதை 'போலீஸ் பயம்' என்று ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. பயம் இருந்தது, சரி. பயந்தவர்கள் மறுக்கக் கூடாதா என்ன? 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகள் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள். அதன்பின் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் மாட்டு உடல்களைக் கொண்டுபோய்ப் போட்டு, இனி எடுக்க மாட்டோம் என்றார்கள். ஊனாவுக்குப் பிறகு சத்கதியை இரக்கப் பிரதியாக மட்டும் வாசிக்க என்னால் முடியவில்லை.

ரே அந்த மறுப்பை மறைக்கவில்லை. ஆனாலும் படத்தின் பார்வை நிலைப்பது புரோகிதரின் சாமர்த்தியத்தில்: தொடாமல் எப்படி இழுப்பது. கூடத்தில் இருந்தவர்களுக்கு அது குற்றவுணர்வைத் தந்திருக்க வேண்டும். 'வடக்க' என்ற சொல் அவர்களைக் காப்பாற்றிவிட்டது. வெளியே இருந்த எங்களுக்குக் குற்றவுணர்வால் பயனில்லை. நாம எடுக்கலேன்னா கயிறு அவங்க கைக்குத்தான் போகும் என்ற விஷயம்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது. அது எங்க கண்ணெதிரே ஓடியும் எங்களுக்கு வந்து சேரவில்லை.

சின்ன வயசில் டிவியில் பார்த்த படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள், எங்கே உட்கார்ந்து பார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.