காரணம் தெரிவதற்கு முன்

பெற்ற பிள்ளையைக் கொன்ற ஒருத்தியை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள நமக்கு என்ன தேவைப்படும்? ஃபிலிப் க்ளோடெல் 2008இல் இயக்கிய 'ஐ'வ் லவ்ட் யூ ஸோ லாங்' என்ற பிரெஞ்சுப் படம் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகர்கிறது. முக்கால்வாசிப் படம் அதற்குத் தைரியமாகப் பதில் சொல்கிறது. கடைசியில் தானே பயந்துவிடுகிறது என்பது என் எண்ணம். முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

ஜூலியட் பதினைந்து வருடச் சிறைவாசம் முடிந்து வெளியே வருகிறாள். கொன்றது தன் ஆறு வயது மகனை. ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தங்கை லேயா அவளை நான்சி நகரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு அழைத்து வருகிறாள். லேயாவின் கணவன் லூக்குக்கு இதில் விருப்பமில்லை. வீட்டில் வியட்நாமிலிருந்து தத்தெடுத்த இரண்டு சின்னப் பெண்கள் இருக்கிறார்கள். லூக்கின் பயத்தைப் படம் கேலி செய்வதில்லை. அவன் இடத்தில் நாம் இருந்தால் பிள்ளைகளை அவளிடம் விட்டுட்டு வெளியே போவோமா? எனக்குச் சந்தேகம்தான்.

க்ளோடெல் அடிப்படையில் நாவலாசிரியர். சிறைக் கைதிகளுக்குப் பாடம் எடுத்தவரும்கூட. வெளியே வந்தவர்களின் உடல்மொழி அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிறிஸ்டின் ஸ்காட் தாமஸ் ஒப்பனையில்லாத வெளிறிய முகத்தோடு, சிகரெட்டும் கையுமாக, எந்த அறையிலும் விருந்தாளி போலவே உட்கார்ந்திருக்கிறார். வேலை கேட்டுப் போன இடத்தில் முதலாளி என்ன குற்றம் என்று துருவுகிறார். அவள் உண்மையைச் சொல்கிறாள். வெளியே போகச் சொல்லிக் கத்துகிறார். இன்னொரு நாள் நண்பர்கள் கூடியிருக்கும் விருந்தில், போதையேறிய ஒருவன் இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று விடாமல் நச்சரிக்கிறான். கொலைக்குற்றத்துக்காக ஜெயிலில் இருந்தேன் என்கிறாள். மேசையே சிரிக்கிறது. சிரிக்காதவன் மிஷேல் ஒருவன்தான். அவனும் சிறையில் பாடம் நடத்தியிருக்கிறான்.

அவளால் இயல்பாக இருக்க முடிகிற இடங்கள் சில உண்டு. ஒன்று லூக்கின் அப்பாவுக்குப் பக்கத்தில். பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர், எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பவர். அவர் கேள்வியே கேட்க முடியாது, அதனால் அவரோடு இருப்பது சுலபம். இன்னொன்று, அவள் கையெழுத்துப் போடப் போகும் காவல் அதிகாரி ஃபோரேயின் மேசை. தனிமையில் இருக்கும் மனிதர். அவளிடம் ஒரினோகோ நதியைப் பற்றி, அங்கே போக வேண்டும் என்ற தன் கனவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். யார் யாரைக் கண்காணிக்கிறார்கள் என்பதே மறந்துபோகும்.

பல்கலைக்கழகத்தில் இலக்கியம் சொல்லிக்கொடுக்கும் லேயா ஒரு வகுப்பில் வெடிக்கிறாள். தஸ்தயெவ்ஸ்கியின் கொலைகாரனைப் பற்றி மாணவர்கள் விவாதிக்கும்போது, கொலையைப் பற்றி எழுத்தாளனுக்கு என்ன தெரியும் என்பதுபோலச் சீறுகிறாள். அக்காவின் செயலுக்குப் புத்தகத்தில் விளக்கம் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அக்காவுக்கு வீட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறாள்.

பிறகு படம் விளக்கம் கொடுத்துவிடுகிறது. மகனுக்குத் தீராத நோய். ஜூலியட் ஒரு மருத்துவர். அவன் வலியோடு சாவதைப் பார்க்க முடியாமல்தான் அதைச் செய்தாள். நாம் 'அப்பாடா' என்கிறோம். அந்த அப்பாடாதான் எனக்கு உறுத்துகிறது. மென்பொருள் வேலையில் ஒரு கோளாறின் மூலகாரணம் கிடைத்தால் டிக்கெட்டை மூடிவிடுவோம். இங்கேயும் பார்வையாளரின் டிக்கெட் மூடப்படுகிறது. இவளை ஏற்றுக்கொள்வது இனி சிரமமே இல்லை.

க்ளோடெலுக்காகவும் வாதாடலாம். லேயா காரணம் தெரிவதற்கு முன்பே அக்காவை ஏற்றுக்கொண்டாள். ஜூலியட் கடைசியில் வாய்திறந்து அழுவது அவளுக்குத் தேவையான விடுதலை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேயாவுக்கு இருந்த துணிவைப் பார்வையாளரிடம் எதிர்பார்க்கப் படம் தயங்குகிறது.

பெல்ஜியத்தின் தார்தென் சகோதரர்கள் பிரெஞ்சு மொழியில் எடுத்த 'தி கிட் வித் எ பைக்' (2011) அந்தத் தயக்கம் இல்லாத படம். அப்பா கைவிட்ட சிரில் என்ற பையன், தன்னைப் பிடிக்க வருபவர்களிடமிருந்து தப்ப, முன்பின் தெரியாத சமந்தாவைக் கட்டிக்கொள்கிறான். பிடிச்சுக்கோ, ஆனா இவ்வளவு இறுக்கமா வேண்டாம் என்கிறாள் அவள். முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். அவனை வாரயிறுதிகளில் வீட்டில் வைத்துக்கொள்கிறாள். நானா, அவனா என்று காதலன் கேட்கும்போது பையனைத் தேர்ந்தெடுக்கிறாள். ஏன் இப்படிச் செய்கிறாள் என்பதற்கு ஒரு கடந்தகாலக் கதையும் நமக்குச் சொல்லப்படுவதில்லை.

க்ளோடெலின் படத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் ஜூலியட் கையெழுத்துப் போடப் போகும்போது ஃபோரேயின் இடத்தில் வேறொருவர் இருக்கிறார். ஃபோரே தற்கொலை செய்துகொண்டார். நதிக் கதைகள் கேட்டபோது அவளும் எதையும் கவனிக்கவில்லை, நாமும் கவனிக்கவில்லை. அவர் ஏன் செத்தார் என்று யாரும் எந்தத் தாளையும் கண்டெடுத்து வந்து நமக்கு விளக்குவதில்லை. ஜூலியட்டின் ரகசியம் தெரிந்ததும் அவளைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டேன். ஃபோரேயைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.