திரைவழி ஆங்கிலப் பேச்சு: இலங்கையும் இந்தியாவும்

கிராமத்து மாணவருக்குக் காணொளி வழியே ஆங்கிலம் பேசக் கற்பிக்கும் முறைகள் இரண்டு: பதிவுசெய்த பாடம், ஜூம் போன்ற நேரலை வகுப்பு. இந்திய அரசுகள் பெரிதும் நம்பியது முதலாவதை. திக்‌ஷா என்னும் மத்திய அரசின் இணையப் பாடத் தளம் 2017 இலும், தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலும், மத்திய அரசின் பி.எம். இ-வித்யா திட்டம் 2020 மே மாதத்திலும் தொடங்கின. மாணவர் தொகை பெரிது என்பதால் ஒருவழிப் பாடமே அங்கு எளிதாயிற்று. 2016 இல் ஜியோ கைபேசிச் சேவை வந்து டேட்டா விலை சரிந்ததும் தமிழில் விளக்கும் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ காணொளிகள் யூடியூபில் பெருகின. அவை கடல் கடந்து மட்டக்களப்பிலும் பார்க்கக் கிடைக்கின்றன.

இலங்கையில் அரசின் ஈ-தக்சலாவ தளம் உண்டு. ஆயினும் ஏற்கெனவே வேரூன்றியிருந்த ரியூசன் வகுப்புகளே பெருந்தொற்றுக் காலத்தில் ஜூமுக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் இடம்பெயர்ந்தன. தெரிந்த ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்துப் பதில் கேட்பது இம்முறையின் பலம். கட்டணம் செலுத்த முடியாத தோட்டப்புறப் பிள்ளைக்கு அந்தக் கதவு திறப்பதில்லை என்பது பெருங்குறை.

தேவையும் இரு நாடுகளிலும் ஒன்றல்ல. 1968 முதல் இருமொழிக் கொள்கையைக் கடைப்பிடிக்கும் தமிழ்நாட்டில் ஆங்கிலம் உயர்கல்விக்கும் வேலைக்கும் வழி. இலங்கையிலோ 1987 இன் பதின்மூன்றாம் திருத்தப்படி அது இணைப்பு மொழியும்கூட. தமிழரும் சிங்களவரும் பேசிக்கொள்ள உதவ வேண்டிய மொழி. 2009 இல் தொடங்கிய ‘வாழ்க்கைத் திறனாக ஆங்கிலம்’ திட்டம் பிரித்தானிய உச்சரிப்பைத் துரத்தாமல் இலங்கையர் தம் பாணியில் தயங்காது பேச வேண்டும் என்றது. அதற்கான பயிற்றுநர்கள் ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்றார்கள். இரு நாடுகளும் கைகோத்த இந்த நல்ல முயற்சியின் நோக்கத்தை இன்றைய காணொளிகள் பலவும் மறந்துவிட்டன. பேச்சுப் பாடம் என்ற பெயரில் காலங்களையும் வினைவடிவங்களையும் தமிழில் விளக்கிவிட்டு முடிந்துவிடுகின்றன.

கருவி கைக்கு வந்தாலே மொழி வந்துவிடுவதில்லை. ஊரக இந்தியாவின் 14 முதல் 18 வயதினரை ஆராய்ந்த 2023 அசர் (ஆண்டுக் கல்வி நிலை) அறிக்கையின்படி, ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டில் திறன்பேசி இருந்தது. ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்களோ 57.3 விழுக்காட்டினரே. இலங்கையில் தடை வேறு வடிவில் வந்தது. 2021 இல் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காக மலைப்பாறை ஏறினார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தது.

‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்பதும், ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்பதும் இரு கரையிலும் தமிழ் நாவுக்கு இயல்பு. இதைக் கேட்டுத் திருத்த ஓர் ஆசிரியரின் காது வேண்டும். பதிவுசெய்த பாடத்துக்கு அது இல்லை. எனவே கேட்டுப் பழகக் காணொளியும், பேசிப் பழக எட்டுப் பத்துப் பேர் கொண்ட நேரலைக் குழுவும் அமைய வேண்டும். இணைப்பு வலுவில்லாத ஊரில் வாட்ஸ்அப் குரல் பதிவு அக்குழுவின் வேலையைப் பெருமளவு செய்யும். இந்தக் குழுக்களைக் கட்டணமின்றி நடத்தும் பொறுப்பை இரு நாட்டு அரசுகளும் ஏற்க வேண்டும்.