தடையும் விமர்சனமும்

நல்ல படத்தைத் தடுத்தால்தான் எழுத்தாளர்களுக்குக் கோபம் வருகிறது. மோசமான படத்துக்கும் அந்தக் கோபம் வேண்டும் என்பது என் கட்சி.

'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. கலவரம் வரும் என்று சொல்லி அரசு பேச்சை அடக்க முடியாது, பேசுபவனைக் காப்பதே அதன் கடமை என்றது தீர்ப்பு. இட ஒதுக்கீடு பற்றி அந்தப் படம் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. தீர்ப்பில் உண்டு.

2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்'. தணிக்கையாகி வந்த படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144ஐக் காட்டி நிறுத்தினார்கள். கேரளத்தில் ஓடிய படம் தாம்பரத்தில் ஓடவில்லை. 524 கொட்டகைகளுக்குக் காவல் போடப் போலீஸ் போதாது என்றது அரசு. 1989இல் தள்ளப்பட்ட அதே வாதம். பேச்சுவார்த்தையில் சில இடங்களில் ஒலியை அடக்கச் சம்மதித்தபின், பிப்ரவரி 7இல் படம் வந்தது.

இஸ்லாமியரை அது சித்திரித்த விதத்தை நாம் கடுமையாக விசாரித்திருக்க வேண்டும். தடை வந்ததும், குறை சொன்னவன் தடைக்காரனானான். தடையை எதிர்த்தவன் ரசிகனானான். படம் தப்பித்துக்கொண்டது. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது என் வேலை. அதை ஆட்சியரிடம் ஒப்படைக்க எனக்குச் சம்மதமில்லை.