தழுவலும் முடிபும்

ஒரு நூலைத் தழுவிப் பிறிதொரு நூல் எழுதுதல் தமிழுக்குப் புதிதன்று. நூல்களை முதல், வழி எனப் பகுத்த தொல்காப்பிய மரபியல், தொகுத்தல், விரித்தல், அவை இரண்டும் கலந்து வருதல், மொழிபெயர்த்தல் என வழிநூலை நால்வகைப்படுத்திற்று. நன்னூலார் சார்புநூல் என மூன்றாவது ஒன்றனையும் வகுத்தார். இவ்விலக்கணம் அறிவு நூல்களை நோக்கி எழுந்ததே. ஆயினும் புனைகதைத் தழுவலை மதிப்பிடுதற்கும் அது தக்க அளவுகோலாகும் என்பதே ஈண்டு நிறுவப் புகும் கருத்து.

தழுவலை ஆராய்வோர் பெரும்பாலும் மூலத்தையும் தழுவலையும் அருகருகே வைத்து, பெயர், இடம், நிகழ்ச்சி ஆகியவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளை எண்ணிக் காட்டுவர். நன்னூலாரோ முடிபை முதற்கண் நோக்கினார். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து, வேண்டுமிடத்து வேறுபடுவது வழிநூல். ஒருபுடை ஒத்துத் திரிபுடையதாய் வருவது சார்புநூல். எனவே, எத்துணை மாறியது என்பதனினும், மாறியது முடிபா, அன்றோ என்பதே முதல் வினாவாதல் வேண்டும். மூன்று சான்றுகளால் இதனைக் காண்பாம்.

முதலாவது, பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலோடு தொடர்புடையது. போர்த்துக்கீசிய நாட்டினராகிய அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறை மக்களுக்கென ஆக்கிய 'அடியார் வரலாறு' 1586இல் அச்சேறியது. அச்சிட்ட இடம் புன்னைக்காயலே என்பார் பலர். 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராகினே இலத்தீனில் தொகுத்த 'பொற்கதை' நூலின் வழிவந்த ஐரோப்பியத் தூயோர் வரலாற்று மரபைச் சார்ந்தது இந்நூல். 1967இல் இராசமாணிக்கம் அடிகள் இதனைப் பதிப்பித்தார். இங்கு மாறியது மொழி, கேட்போரும் மாறினர். முடிபோ சிறிதும் மாறவில்லை. மாறாமற் காப்பதே ஆசிரியர் கடமையுமாயிற்று. இது தூய வழிநூல்.

இரண்டாவது, மறைமலையடிகளின் 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' (1911). இது ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்சு எழுதிய 'இலீலா' என்னும் கதையின் தழுவல். மூலத்தின் நிலம் காக்கேசிய மலைப்பகுதியாகிய மிங்கிரேலியா. அடிகள் நிலத்தையும் மாந்தர் பெயரையும் ஒழுகலாற்றையும் தமிழுக்கேற்ப மாற்றினார், கதைக்கட்டு மூலத்தினுடையதே. புறத்தே நோக்குவார்க்கு இதுவே மாற்றம் மிக்க நூலாகத் தோன்றும். எனினும், மூலம் எழுப்பாத வினா ஒன்றை இந்நூல் மூலத்தை நோக்கி எழுப்பவில்லை. ஆகலின் இதுவும் வழிநூலே. இவ்வாறு கூறுதல் அதன் சிறப்பைக் குறைப்பதாகாது. 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து (1879) நெடுங்காலம் கழியாத அந்நாளில், அயல்நாட்டுக் கதைக்கட்டு ஒன்றைச் செறிந்த தமிழ் உரைநடை தாங்கும் எனக் காட்டியது அதன் பணி.

மூன்றாவது, திருநெல்வேலியில் பயின்று வளர்ந்த புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' (1943). இங்குப் பெயர் மாறவில்லை, நிலம் மாறவில்லை, கல் பெண்ணாகும் நிகழ்ச்சியும் மாறவில்லை. அட்டவணையிட்டு ஒப்பிடுவார்க்கு இது மூலத்தோடு மிக நெருங்கியதாகவே தோன்றும். ஆனால், வான்மீகியிலும் கம்பரிலும் அகலிகையின் கதை விமோசனத்தோடு நிறைவுறுகிறது. புதுமைப்பித்தனோ அங்கிருந்தே தொடங்குகிறார். சீதை எரிபுகுந்த செய்தியை அவள் வாயிலாகவே கேட்கும் அகலிகை, தன்னை மன்னித்த அறம் அவளை ஏன் ஐயுற்றது என உள்ளம் குமுறுகிறாள்; இறுதியில் மீண்டும் கல்லாகிறாள். தொடக்கத்தில் சாபமாயிருந்த கல், முடிவில் அவளுக்குப் புகலிடமாகிறது. தலைப்பின் பொருளே தலைகீழாகின்றது. முடிபு மாறியமையின் இது வழிநூல் அன்று, சார்புநூல். புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'அகல்யை'யோடு ஒப்பிட்டுக் கற்பார்க்கு இத்திரிபின் ஆழம் இன்னும் தெளிவாகும்.

முடிபு மாறியபின் மூலத்தோடு உறவு என்னை எனின், அவ்வுறவு முன்னையினும் இறுகுகிறது என்க. 'குமுதவல்லி'யைச் சுவைக்க ரெயினால்ட்சைப் படித்திருத்தல் வேண்டா. அடிகளே முகவுரையில் மூலத்தைக் குறித்திருப்பினும், கதை அவ்வறிவை வேண்டி நிற்கவில்லை. 'சாபவிமோசன'மோ இராமகதை அறியாதார்க்கு வெறுங்கதையாய் முடியும். இராமன்மேல் அன்புடையார்க்கே அகலிகையின் வினா உறைக்கும். மூலத்தை மறுக்கும் நூலே மூலத்தை மிகுதியும் வேண்டி நிற்றல் சார்புநூலின் தனி இயல்பு.

ஆதலின், தழுவலை ஆராயப் புகும் மாணாக்கர், ஒத்த நிகழ்ச்சிகள் இத்தனை, வேறுபட்டவை இத்தனை என எண்ணுமளவில் அமையலாகாது. மூலத்தின் முடிபு யாது, தழுவியவர் அதனை ஏற்றனரா, ஏற்காவிடின் எவ்விடத்து, எதன் பொருட்டுப் பிரிந்தனர் என வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவாத ஆய்வு, முடிபு மாறாத நூலைப் புதுமை எனவும், முடிபையே மாற்றிய நூலைப் பழங்கதை எனவும் பிறழக் கொள்ளும்.